கெண்டைக் குளப் போட்டிக்கு முதலில் எதை வாங்குவது: நீளக் கழியா, ஃபீடரா, வாக்லரா?

இங்கிலாந்தில் வாரத்தின் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் எங்காவது ஒரு குளத்தைச் சுற்றிக் கெண்டை மீன் போட்டி நடந்துகொண்டிருக்கும். தனியார் வெட்டிய குளம், அதில் வாங்கி விட்ட கெண்டைகள், கரையில் வரிசையாக எண் போட்ட மர மேடைகள். மேடைக்குப் பெக் என்று பெயர். யாருக்கு எந்தப் பெக் என்பது காலையில் சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். ஊதல் சத்தம் கேட்டதும் தூண்டில் போடலாம். ஐந்தாறு மணி நேரம் கழித்து மறுபடி ஊதியதும் நிறுத்த வேண்டும். பிடித்த மீன்கள் அதுவரை தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் வலைப்பையில் உயிரோடு இருக்கும். எடை போட்ட கையோடு குளத்திலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். மொத்த எடை யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார். கோடையில் நல்ல குளத்தில் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ பிடித்தும் பரிசு வரிசைக்குள் வராமல் போகிறவர்கள் உண்டு.

பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் இந்தப் போட்டிகளுக்குப் போகலாம் என்று முடிவு செய்ததும், எந்தச் சாமானில் காசைப் போடுவது என்ற குழப்பம் வந்துவிடும். வழிகள் முக்கியமாக மூன்று. முதலாவது, ரீல் இல்லாமல் துண்டு துண்டாகச் சேர்த்து 13 முதல் 16 மீட்டர் வரை நீட்டும் கார்பன் கழி. இங்கே அதன் பெயர் ‘போல்’ (pole). இரண்டாவது, ராடும் ரீலும் வைத்து இரையையும் தீனியையும் ஒன்றாகத் தூர வீசும் மெத்தட் ஃபீடர். மூன்றாவது, பெரிய தக்கையை வீசி மேல்மட்டத் தண்ணீரில் கெண்டை பிடிக்கும் பெல்லட் வாக்லர். பெல்லட் என்பது மீனுக்கான சின்னத் தீனி உருண்டை. மூன்றையும் ஒரே மூச்சில் வாங்கினால் பணமும் கரையும், எதிலும் கை பழகாது.

என் பதிலை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு ஃபீடர் ராடு. அதோடு கரையோரத்துக்கென்றே செய்த குட்டையான, கனத்த ஒரு கழி. இந்த இரண்டும் போதும். 16 மீட்டர் கழி ஒரு வருடம் கழித்து வரட்டும், வாக்லர் அதற்கும் பிறகு. இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குளத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

போட்டிக் குளங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வாரிக்‌ஷரில் இருக்கும் டனல் பார்ன் ஃபார்ம், வாரிங்டன் பக்கம் உள்ள பார்ட்ரிட்ஜ் லேக்ஸ் போன்ற இடங்களில் குளம் என்பது வாய்க்கால் மாதிரி ஒடுக்கமாக வளைந்து வளைந்து போகும். பல பெக்குகளில் எதிர்க்கரையே கழிக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அங்கே நிறைய இருப்பது எஃப்1 என்ற கலப்பின மீன். சாதாக் கெண்டையோடு க்ரூசியன் என்ற இன்னொரு கெண்டை வகையையோ தங்கமீனையோ சேர்த்து உருவாக்கியது. குளிரிலும் தீனி எடுக்கும், ஆனால் இரையை வாயில் வாங்கிய வேகத்திலேயே துப்பிவிடும். தக்கை லேசாக அசையும்போதே கழியைத் தூக்கினால்தான் முள்ளில் மாட்டும். எதிர்க்கரைப் புல்லுக்கு அடியில், ஒரு சாண் அகல இடத்தில், சத்தமில்லாமல் இரையை இறக்க வேண்டும். நீங்கள் வாராவாரம் போகப்போவது இந்த மாதிரிக் குளம் என்றால் நான் மேலே சொன்னதை மறந்துவிட்டு நேராக நீளக் கழியை வாங்குங்கள். வேறு எதுவும் அங்கே அதற்கு ஈடாகாது.

சோலிஹல் அருகே உள்ள பார்ஸ்டன் லேக்ஸ், டேவன்ட்ரியில் இருக்கும் டிரேட்டன் நீர்த்தேக்கம் ஆகியவை இதற்கு நேர் எதிர். அகலமான திறந்த தண்ணீர், மறைப்பே இல்லாமல் அடிக்கும் காற்று. கெண்டைகள் முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி நின்றால் எந்தக் கழியாலும் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே ஃபீடரும் வாக்லரும்தான் பேசும்.

மற்றபடி நாம் போகிற குளங்களில் பாதிக்கு மேல் நடுவாந்திரமானவை. நடுவில் ஒரு தீவு, அது இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்கும். இரண்டு பக்கமும் நாணல் வளர்ந்த கரை, பக்கத்துப் பெக் காலியாக இருந்தால் அதன் மேடைக்கு அடியிலும் மீன். என் பரிந்துரை இந்த வகைக் குளத்தை மனத்தில் வைத்துச் சொன்னது.

எதையும் வாங்குமுன் அந்தக் குளத்தின் விதிப் பலகையைப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு குளத்துக்கும் தனி விதி. பெல்லட்டை அவர்களிடமே வாங்க வேண்டும் என்பார்கள். தூண்டில் நரம்பு அறுந்தால் மீன் ஃபீடரை இழுத்துக்கொண்டே அலையும்படி கட்டுவதைத் தடை செய்திருப்பார்கள். ஒரு வலைப்பைக்கு இவ்வளவு பவுண்டுதான், அதற்கு மேல் போட்டால் கணக்கில் வராது என்பார்கள். நோய் பரவாமல் இருக்க வலையைக் காய வைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள், அல்லது மருந்துத் தொட்டியில் முக்கச் சொல்வார்கள். கெண்டைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் கோய் ஹெர்பஸ் வைரஸ் இருப்பதால் இதில் சலுகையே கிடையாது. தூண்டில் முள்ளில் எதிர்க்கொக்கி இருக்கக் கூடாது என்பது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் உண்டு. ஒரே மீன் வருடத்தில் பலமுறை மாட்டுகிறது, அதன் வாய் கிழியாமல் இருக்க வேண்டும். நானும் இந்த விதியை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

மெத்தட் ஃபீடர்

உள்ளங்கையில் அடங்கும் தட்டையான பிளாஸ்டிக் கூடு, அடிப்பக்கம் எடைக் கட்டி. இரண்டு மில்லிமீட்டர் பெல்லட்டைத் தண்ணீர் மூழ்க ஊற்றி, ஓரிரு நிமிடத்தில் வடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டால் கையில் அமுக்கினால் ஒட்டும், தண்ணீரில் விழுந்தால் உதிரும் பதத்துக்கு வரும். இந்தப் பதம்தான் இதில் பாதி வித்தை. ஈரம் கூடினால் களிமண்ணாகக் கிடக்கும், குறைந்தால் வீசும்போதே காற்றில் சிதறிவிடும். அச்சில் கொஞ்சம் பெல்லட், அதன் மேல் இரை மாட்டிய முள், மேலே இன்னும் கொஞ்சம் பெல்லட், கூட்டை வைத்து ஓர் அமுக்கு. முள்ளுக்கும் ஃபீடருக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் நரம்புதான். இரை என்பது பெரும்பாலும் சின்ன ரப்பர் வளையத்தில் மாட்டிய 6 அல்லது 8 மில்லிமீட்டர் கடின பெல்லட்.

தண்ணீரில் எடைப் பக்கம் கீழே இருக்க விழும். பெல்லட் உதிர்ந்து சின்னக் குவியலாகும், அதன் உச்சியில் இரை. கெண்டை வந்து உறிஞ்சும், திரும்பும், ஃபீடரின் எடையே முள்ளை ஏற்றிவிடும். ராடின் நுனி வளைந்துகொண்டு போகும்போது நீங்கள் எடுத்தால் போதும். வெட்டி இழுக்க வேண்டியதே இல்லை. புதிதாக வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது முதல் போட்டியிலேயே தெரியும். தக்கையைப் படிக்கத் தெரியாது, மீனின் மனநிலை தெரியாது, பக்கத்தில் இருபது வருட அனுபவசாலி. அப்படி இருந்தும் மீன் வரும்.

கை பழக வேண்டியது ஒன்றில்தான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழ வேண்டும். ரீலின் ஸ்பூலில் இருக்கும் கிளிப்பில் நரம்பை மாட்டினால் அதற்கு மேல் போகாது, தூரம் சரியாக வரும். திசைக்கு எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறி வைத்துக்கொள்ளலாம். தீவுக்கு வீசும்போது கரைக்கு ஒரு முழம் முன்னால் விழுந்த ஃபீடருக்கும் இரண்டு மீட்டர் முன்னால் விழுந்த ஃபீடருக்கும் கிடைக்கிற மீனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். கிளிப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. பெரிய கெண்டை முதல் ஓட்டத்தில் நேராகத் தீவைப் பார்த்துப் போனால் நரம்பு கிளிப்பில் முட்டி அறுந்துவிடும். பெரிய மீன் உள்ள குளங்களில் கிளிப்புக்குப் பதில் ஸ்பூலில் ரப்பர் பட்டை போட்டு, அதற்கு அடியில் நரம்பைச் செருகுகிறவர்கள் உண்டு. இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

குறை என்ன? வேகம். மீன் காலடிக்கு வந்து நின்று தின்னும்போது முப்பது மீட்டரிலிருந்து ஒவ்வொன்றாகச் சுற்றி இழுத்துக்கொண்டிருப்பது நேரக் கொலை. அதோடு தீனியை எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பது உங்கள் கையில் இல்லை. வீசினால் ஒரு கூட்டளவு போகும், அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்டில் கெண்டை மேல்மட்டத்துக்கு ஏறிவிட்டால் அடியில் கிடக்கும் ஃபீடரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இருந்தாலும் காற்று எவ்வளவு அடித்தாலும் ஃபீடர் வேலை செய்யும், மழையில் வேலை செய்யும், எந்த மோசமான பெக் விழுந்தாலும் நான்கு மீனாவது கொடுக்கும். தொடக்கக்காரருக்கு வேண்டியது இந்த நம்பகம்.

நீளக் கழி

கழியை வெறுத்து நான் இதைப் பின்னால் வைக்கவில்லை. கெண்டைக் குளத்தில் இதைவிட நுணுக்கமான கருவி கிடையாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நுனித் துண்டுக்குள் எலாஸ்டிக் ஓடும். அதன் முனையில் நரம்பு, தக்கை, முள். ரீல் இல்லாததால் மீன் ஓடும்போது எலாஸ்டிக் நீண்டு வேகத்தைத் தின்னும். நீங்கள் கழியை உருளைகளின் மேல் பின்னுக்குத் தள்ளி, துண்டுகளைக் கழற்றி, கடைசியில் நுனித் துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீனை வலையில் வாங்க வேண்டும். நுனியில் மாட்டிய சின்னக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை பெல்லட்டை வைத்து, தக்கை நிற்கும் அதே இடத்தில் கவிழ்க்கலாம். பதினான்கு மீட்டர் தள்ளி, ஆறு பெல்லட்டை மட்டும், சத்தமில்லாமல். ஃபீடராலும் வாக்லராலும் இது ஒருபோதும் முடியாது. இரையை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டு இறக்குவது, ஓர் அடி பக்கவாட்டில் நகர்த்துவது, அடியிலிருந்து நடுத்தண்ணீருக்கு ஒரே நொடியில் மாறுவது எல்லாம் கையிலேயே இருக்கும்.

அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம் விலை. 14 மீட்டரில் நேராக நிற்கும், கையை ஒடிக்காத கழி மலிவாகக் கிடைக்காது. ஐந்நூறு பவுண்டுக் கழியும் 14 மீட்டருக்கு நீளும், ஆனால் நுனி தொங்கும், ஆடும். நுனி ஆடினால் தக்கை ஆடும், தக்கை ஆடினால் நுணுக்கம் என்று நாம் காசு கொடுத்து வாங்கியது போய்விட்டது. உச்ச வரிசைக் கழிகள் சில ஆயிரம் பவுண்டுகள். கழியோடு செலவு நிற்பதும் இல்லை. ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒவ்வொரு மீனுக்கும் தனி நுனித் துண்டு, அதில் தனி எலாஸ்டிக். உருளைகள், கால் மேடை உள்ள இருக்கைப் பெட்டி, எல்லாவற்றையும் இழுக்க வண்டி.

இரண்டாவது காற்று. பக்கவாட்டில் பலமாக அடித்தால் 16 மீட்டரில் யாராலும் ஒழுங்காகப் பிடிக்க முடியாது. நாள் முழுக்கப் போராடினால் முதுகும் தோளும் மறுநாள் பதில் சொல்லும். மூன்றாவது பழக்கம். கழியைப் பின்னுக்குத் தள்ளும்போது நரம்பு சிக்காமல், உருளையிலிருந்து நழுவாமல், துண்டைத் தவறான இடத்தில் கழற்றாமல் செய்வதற்கே பல மாதம் ஆகும். போட்டியின் நடுவில் அதைப் படிப்பது கஷ்டம்.

16 மீட்டர் இல்லாவிட்டால் போட்டியே இல்லை என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் பிரிவில்கூடக் கழி 13 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. வாங்கும் நாள் வரும்போது 13 மீட்டரில் விறைப்பாக நிற்கும் கழியை வாங்குங்கள். அதைவிட நீளமாக இருந்து தொங்கும் கழி வேண்டாம்.

இன்னொன்று, இது விளையாட்டு விஷயம் இல்லை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி போகும் இடத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளித்தான் தூண்டில் போட வேண்டும். நீட்டிய கழியைத் தூக்கிக்கொண்டு கம்பிக்கு அடியில் நடக்கவே கூடாது. இடி இடித்தால் கழியைக் கீழே வைத்துவிடுங்கள். ராடும் கார்பன்தான், அதற்கும் இது பொருந்தும்.

பெல்லட் வாக்லர்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தண்ணீர் சூடான மாதங்களில் கெண்டை மேலே ஏறி உலாவும். அப்போது எடை வைத்த தடித்த தக்கையை 20, 30 மீட்டர் வீசி, அதன் கீழே இரண்டு மூன்று அடி ஆழத்தில் இரையைத் தொங்கவிட்டு, உண்டிவில்லால் மூன்று நான்கு 8 மில்லிமீட்டர் பெல்லட்டை அதன் மேலேயே அடித்துக்கொண்டிருக்க வேண்டும். பெல்லட் விழும் சத்தத்துக்கே கெண்டை பழகியிருக்கும், அதைக் கேட்டு வரும். அடி, வீசு, அரை நிமிடம் பார், மறுபடி அடி. ஐந்து மணி நேரமும் இதேதான். சரியான நாளில், சரியான குளத்தில் இதைவிட விறுவிறுப்பான மீன்பிடி வேறு இல்லை.

ஆனால் அந்தச் சரியான நாட்கள் கோடையிலும் அதன் இரண்டு ஓரங்களிலும் மட்டும் வரும். குளிர்ந்தால் ராடு மூலையில் கிடக்கும். எதிர்காற்று அடித்தால் பெல்லட் சிதறும், பக்கக் காற்றில் தக்கை இழுபடும். ஃபீடருக்கு வாங்கிய ரீலையே இதற்கும் பயன்படுத்தலாம், மிதக்கும் நரம்பு சுற்றிய இன்னொரு ஸ்பூல் இருந்தால் சரி. அதனால் இரண்டாம் வருடத்தில் ராடு மட்டும் சேர்த்தால் போதும்.

கரையோரக் கழி

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். கோடைப் போட்டிகளில் எடையில் பெரும்பங்கு கடைசி ஒன்றரை இரண்டு மணி நேரத்தில், கரையிலிருந்து கை நீட்டும் தூரத்தில் வருகிறது. பிற்பகலில் வெயில் சாயும்போது கெண்டைகள் கரையை ஒட்டி வந்துவிடும். அவைகளுக்கு இது பழக்கமான நேரம். போட்டி முடிந்ததும் மிஞ்சிய தீனியைக் காலடியில் கொட்டிவிட்டுப் போகிறார்கள், அது வாராவாரம் கிடைக்கிறது. பெரிய மீன்கள்தான் முதலில் வரும்.

இதற்குப் பதினாறு மீட்டர் எதற்கு? ஐந்தாறு மீட்டர் போதும். கரையோரத்துக்கென்று விற்கும் எட்டு, ஒன்பது மீட்டர்க் கழிகள் கனத்தவை, தடித்த சுவர் கொண்டவை, இரும்புத் தடிபோல் நிற்கும். சுமார் 100 முதல் 250 பவுண்டுக்குள் நல்லதே கிடைக்கும். தூரம் குறைவு என்பதால் கனம் தெரியாது, காற்றும் ஒன்றும் செய்யாது. நீளக் கழி வைத்திருக்கிறவர்களே இந்த வேலைக்கு இதைத் தனியாக வாங்கிக் கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மெல்லிய கழியை நாணலுக்குள் மீனோடு மல்லுக்கட்ட விட யாருக்கும் மனம் வராது.

செய்முறை இப்படி. வந்து உட்கார்ந்ததும் இரண்டு பக்கக் கரையையும் ஆழம் பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம், தரை சமமாக, ஏதாவது மறைப்பு ஓரம்: நாணல், காலி மேடை, தொங்கும் புல். இடத்தைக் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். முதல் மூன்று மணி நேரம் தீவுப் பக்கம் ஃபீடர் ஓடட்டும். கடைசி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய கிண்ணம் நிறைய மாவுத்தீனியும் செத்த ஈப்புழுவும் கலந்து கரையோரத்தில் கவிழ்த்துவிட்டு, திரும்ப ஃபீடருக்கே போங்கள். புழு செத்திருக்க வேண்டும், உயிரோடு இருந்தால் சேற்றுக்குள் நுழைந்துவிடும். ஓரக்கண்ணால் கவனியுங்கள். நாணல் காற்றில்லாமல் ஆடும், சேறு புகைபோலக் கிளம்பும், சில நேரம் வாலே வெளியே தெரியும். அதைப் பார்த்த பிறகு கழியை எடுத்தால் போதும்.

எலாஸ்டிக் தடிப்பாக, நரம்பு 0.20 மில்லிமீட்டர் அளவில், முள் 14ஆம் எண். இரை, முள் நிறையச் செத்த புழுவோ இரண்டு மக்காச்சோளமோ. நுனித் துண்டின் பக்கவாட்டில் எலாஸ்டிக்கை வெளியே இழுத்துக் குறுக்கிக்கொள்ளும் துளை உள்ளதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது இல்லாமல் பத்து பவுண்டுக் கெண்டையைக் கரைக்கு வாங்குவது நீண்ட போராட்டமாகிவிடும், மீனும் களைத்துப்போகும்.

பலர் இங்கே செய்யும் தப்பு, தக்கை அசைந்தவுடன் இழுப்பது. இரண்டு அடித் தண்ணீரில் ஐந்து கெண்டைகள் நின்றால் அவற்றின் முதுகும் துடுப்பும் நரம்பில் உரசிக்கொண்டே இருக்கும். தக்கை குதிக்கும், சாயும், மூழ்கி மேலே வரும். அதற்கு இழுத்தால் முள் செதிலில் குத்தும். மீன் மிரண்டு ஓடும், கூடவே மற்றதும் போகும். தக்கை போய், எலாஸ்டிக் வெளியே வர ஆரம்பிக்கும் வரை கையை அசைக்காதீர்கள். உரசல் அதிகமாக இருந்தால் தீனியைக் குறையுங்கள்.

ஃபீடரும் கரையோரக் கழியும் சேர்ந்தால் ஒரு குளத்தின் எட்டாத் தூரமும் காலடியும் கையில் வந்துவிடும். நடுவில் உள்ள பத்துப் பதினைந்து மீட்டர் மட்டும் விடுபடும். அந்த இடைவெளியால் சில போட்டிகளில் தோற்பீர்கள், உண்மைதான். ஆனால் சுமாரான நீளக் கழி ஒன்றை மட்டும் வாங்கி, தீவையும் எட்டாமல் கரையோரத்தில் கழி முறியுமோ என்று பயந்துகொண்டும் உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த விளையாட்டின் பெரிய மேடையான ஃபிஷ்ஓமேனியா 1994இலிருந்து நடக்கிறது, தொலைக்காட்சியிலும் வரும். இறுதிப்போட்டியைப் பார்க்கக் கிடைத்தால் மீனைப் பார்க்காமல், போட்டியாளர்கள் எந்த நேரத்தில் எந்தத் தூரத்துக்கு மாறுகிறார்கள் என்று பாருங்கள். நாம் வாங்க வேண்டிய சாமானைப் பற்றி அது நிறையச் சொல்லும்.

குளிர்காலம்

நதிகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த வகை மீன்களைப் பிடிக்கத் தடை. பெரும்பாலான தனியார் குளங்களுக்கு அது கிடையாது, வருடம் முழுக்கப் போட்டி உண்டு. ஆனால் நவம்பருக்குப் பிறகு கணக்கு மாறும். கரையோரம் செத்துவிடும், வாக்லருக்கு வேலை இல்லை. ஃபீடர் ராடிலேயே ஃபீடரைக் கழற்றிவிட்டு வெறும் எடைக் குண்டும் ஒரு ரொட்டித் துண்டும் மாட்டி, தீனியே போடாமல் மீன் நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். நீளக் கழி அதிகம் சம்பாதித்துக் கொடுப்பதும் இந்த மாதங்களில்தான், குறிப்பாக எஃப்1 குளங்களில். அதனால் கழி வாங்குவதாக இருந்தால் செப்டம்பரில் வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

செலவு

நல்ல ஃபீடர் ராடு, 4000 அளவு ரீல், நரம்பு, ஃபீடர்கள், அச்சு எல்லாம் சேர்த்து 200 பவுண்டுக்குள் முடிக்கலாம். கரையோரக் கழியையும் சேர்த்தால் 450 பவுண்டுக்குள் போட்டிக்குத் தயார். வலையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். எடை வரம்பு இருப்பதால் குறைந்தது மூன்று வலைப்பைகள் வேண்டும். கெண்டையை ஒன்றில் அடைத்துக்கொண்டே போனால் எடைக் கணக்கில் அடிபடுவீர்கள், வெயில் நாளில் மீனும் மூச்சு முட்டும். வலைப்பை தண்ணீருக்குள் நன்றாக நீண்டு கிடக்க வேண்டும். இதில் அக்கறை இல்லாதவர் பக்கத்தில் உட்காரவே எனக்குப் பிடிக்காது.

13 வயது நிரம்பிய எல்லோருக்கும் சுற்றுச்சூழல் முகமையின் தூண்டில் உரிமம் வேண்டும். 13 முதல் 16 வயது வரை இலவசம், ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும். குளத்தில் காசு கட்டிவிட்டோமே என்று இதை விட்டுவிடக் கூடாது.

யாருக்கு எது

வாய்க்கால் மாதிரிக் குளம்தான் வீட்டுப் பக்கம் என்றால் நீளக் கழி. திறந்த நீர்த்தேக்கம் என்றால் ஃபீடரும் வாக்லரும், கழியே வேண்டாம். மற்ற எல்லோருக்கும் ஃபீடரும் கரையோரக் கழியும். முதுகு வலி உள்ளவர்கள், வாரம் முழுக்க உடல் உழைப்பு வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள், எந்தக் குளமாக இருந்தாலும் இந்த வழியிலேயே இருங்கள். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் பெரிய ஓப்பன் போட்டிக்கு முன்னால் ஒரு கிளப் போட்டியில் உட்காருங்கள். நுழைவுக் கட்டணம் குறைவு, பக்கத்து ஆளிடம் கேட்டால் சொல்லியும் கொடுப்பார். பல இடங்களில் கெண்டை அல்லாத சின்ன மீன்களுக்குத் தனிப் பரிசுத் தொகை இருக்கிறது. கரையோரக் கழியில் மெல்லிய எலாஸ்டிக் போட்டால் அதற்கும் முயற்சி செய்யலாம்.

ஒரு வருடம் கழித்து நீளக் கழிக்கு ஆசை வந்தால் பழையதைத் தேடுங்கள். போட்டிக்காரர்கள் புது வரிசை வந்ததும் பழையதை விற்றுவிடுவார்கள், பாதி விலைக்கே நல்லது கிடைக்கும். போட்டோவைப் பார்த்து வாங்காமல் நேரில் போங்கள். ஒவ்வொரு துண்டின் இணைப்பு வாயையும் விரலால் தடவிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் நகத்தில் தட்டுப்படும். மறுபடி பூசிய இடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நான்காம், ஐந்தாம் துண்டுகள்தான் மீன் இழுக்கும்போது அதிகம் தாங்குபவை, அவற்றின் மாற்றுத் துண்டு இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கடைசியாக முழுசும் சேர்த்து 13 மீட்டரில் பத்து நிமிடம் பிடித்தபடி உட்காருங்கள். இணைப்பில் டக் டக்கென்று சத்தம் வந்தாலோ நுனி தண்ணீரைத் தொடப் பார்த்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.